இருபத்துநான்காவது டி.சி.

அந்தக் கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தில் பதினேழாவது கேள்வி, 'இப்பாடப்பிரிவைத் தேர்ந்தெடுத்த காரணம்' என்பது. பதில் எழுத இரண்டு கோடு விட்டிருப்பார்கள். பதினான்கு வருடங்களாக அங்கே பி.பி.ஏ. சேர்ந்த அறுநூற்றுச் சொச்சம் பிள்ளைகளின் படிவங்களிலும் அந்தக் கோடுகளின் மேல் இருப்பது ஒரே வாக்கியம்தான்: 'சிறு வயது முதலே தொழில்முனைவோர் ஆக வேண்டும் என்ற ஆசை.' கையெழுத்தும் ஒன்றேதான். சேத்தூர்ப் பிள்ளை எழுதினாலும் சுந்தரபாண்டியத்துப் பிள்ளை எழுதினாலும் அதே நீல மை, அதே வலப்பக்கச் சாய்வு.

கையெழுத்துக்குச் சொந்தக்காரர் சிவபாண்டி. வணிக நிர்வாகவியல் துறைத் தலைவர். வயது நாற்பத்தொன்பது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகத்தில் சொந்த வீடு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டைப் பார்த்தபடி நிற்கும் கல்லூரியில் வேலை. இவரை நல்லவர் என்று சொல்ல நாலு பேர் கிடைப்பார்கள். அந்த நாலு பேரில் நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொழில்முனைவோர் ஆகும் ஆசை இவருக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. இவர் கல்லூரியில் சேரப் போன நாளில் பி.காம். வரிசை வெயிலில் நின்றது, பி.பி.ஏ. வரிசை வேப்பமரத்தடியில் நின்றது. கூடப் போன மொக்கைச்சாமி நிழலுக்குப் போனான், இவரும் போனார். மொக்கைச்சாமி பாதியில் விட்டுவிட்டுப் பட்டாளத்துக்குப் போய், ஓய்வு பெற்று வந்து, இன்று மிலிட்டரி கேண்டீனில் வாங்கிய பெட்டியும் மீசையுமாக நிம்மதியாக இருக்கிறான். இவர் மட்டும் அந்த வரிசையை விட்டு நகரவேயில்லை. பி.பி.ஏ. முடித்து இன்சூரன்ஸ் விற்றார், யாரும் வாங்கவில்லை. தண்ணீர் சுத்தம் பண்ணும் மிஷின் விற்றார், மிஷின் திரும்பி வந்தது. அஞ்சல் வழியில் எம்.பி.ஏ., எம்.பில். எல்லாம் வாங்கிவிட்டு, எதையும் விற்கத் தெரியாதவர்கள் கடைசியாகப் போகும் இடத்துக்குப் போனார். விற்பது எப்படி என்று பாடம் நடத்தும் வேலைக்கு.

அங்கே போன பிறகுதான் அவரால் எதை விற்க முடியும் என்பது தெரிந்தது. பி.பி.ஏ.வை.

பிள்ளைகள் ஏன் பி.பி.ஏ. எடுக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் இருப்பார்கள். அவர்கள் செத்த நேரம் சிவபாண்டியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து சுற்றியிருந்தால் அந்தச் சிரமம் வேண்டியிருந்திருக்காது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கணக்கு வேண்டும், இதற்கு வேண்டாம். இங்கிலீஷ் இலக்கியத்தில் புத்தகம் தடியாக இருக்கும். பி.காமில் இடம் இல்லை. போலீஸ் தேர்வுக்கு ஓடிக்கொண்டிருக்கும் பையன்களுக்கு ஏதாவது ஒரு டிகிரி வேண்டும், காலையில் கிரவுண்டில் ஓடிவிட்டு வந்து தூங்கினால் எழுப்பாத டிகிரியாக இருந்தால் நல்லது. ராஜபாளையத்து மில் வீட்டுப் பையன் ஒருவனை அப்பாவே வந்து சேர்த்துவிட்டுப் போனார், "படிக்க வேண்டாம் சார், மூணு வருசம் வெளிய சுத்தாம வச்சிருங்க, போதும்" என்று சொல்லி. ஒரு பிள்ளைக்கு அவள் தோழி சேர்ந்ததே காரணம். அந்தத் தோழியிடம் கேட்டால் அவளுக்கு இவள்தான் காரணமாம். எல்லாவற்றுக்கும் மேலே, வகுப்பு மதியம் ஒன்றே காலுக்கு முடிந்துவிடும். இரண்டு மணிக்குப் பேண்டேஜ் கம்பெனியில் ஷிப்ட். காலையில் சந்தை மேலாண்மை, மதியம் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி மடிப்பு.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, தலையாட்டிவிட்டு, சிவபாண்டி குனிந்து எழுதுவார்: 'சிறு வயது முதலே.'

பிள்ளை பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. ஏப்ரல் கடைசியில் வாத்தியார்கள் பாடத்தை மூட்டை கட்டிவிட்டு வேனில் ஏறுவார்கள். தலைக்கு இத்தனை பிள்ளை என்று நிர்வாகம் சொல்லிவிடும். பிளஸ் டூ முடிவு வந்த அன்று பள்ளிக்கூட வாசலில் நான்கு கல்லூரி வேன் நிற்கும். ஒருவர் பை கொடுப்பார், ஒருவர் தண்ணீர் பாட்டில் கொடுப்பார். சிவபாண்டி எதுவும் கொடுக்க மாட்டார். வாங்குவார். பிள்ளையின் டி.சி.யை.

"டி.சி.யைக் கொண்டாங்க, ஒரு பார்வை பாத்துட்டுக் குடுத்துருதேன்" என்பார். பார்வை ஒரு மாதம் நீளும். மார்க் ஷீட்டை மறுபடி எடுத்துக்கொள்ளலாம், டி.சி. ஒன்றே ஒன்று. அது இல்லாமல் வேறு எங்கும் சேர முடியாது. பெற்றவர்களும், பேப்பர் கொடுத்தாயிற்று, இனிப் பேச்சு மாறினால் மரியாதை இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டுப் போன பிறகு வேறு மாப்பிள்ளை பார்ப்பார்களா? அந்தக் கணக்கு. ஒரு நீல ரெக்சின் பையில் டி.சி.களை அடுக்கி, பைக் டேங்கின் மேல் வைத்துக்கொண்டு அவர் வரும்போது ஊருக்குள் ஜப்திக்காரர் வருவது போலவே இருக்கும்.

இந்தத் தொழிலில் அவருக்கு ஒரே ஒரு வாரிசு உண்டு. கல்பனா. முதல் பேட்ச் மாணவி. இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே, பெண்பிள்ளை கூட வந்தால் வீட்டுக்குள் விடுவார்கள் என்று அவளை வேனில் ஏற்றிக்கொண்டு போனவர் இவர். இன்று அவள் ராஜபாளையத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கல்லூரியில் பி.பி.ஏ. நடத்துகிறாள், பிள்ளையும் பிடிக்கிறாள். அறுநூறு பேரில் இவர் சொல்லிக்கொடுத்ததை வைத்துப் பிழைக்கிற ஒரே ஆள் அவள்தான். இவருக்கு அவள் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும்.

இந்த வருடம் அறை நிரம்பவில்லை. கல்லூரித் தாளாளர் ராஜரத்தினம் முன்னாளில் நூற்பாலை நடத்தியவர். இப்போதும் வகுப்பறையை ஷெட் என்றுதான் சொல்வார். திங்கட்கிழமை சிவபாண்டியைக் கூப்பிட்டார்.

"ஒரு ஷெட்டுக்கு இருபத்துநாலு தலையாவது ஓடணும் சிவபாண்டி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எண்ணுவேன். இருபத்துமூணுன்னா கரண்டைக் கட் பண்ணிருவேன்."

"சார், அது டிபார்ட்மென்ட் சார்."

"அதத்தான் சொல்றேன். உங்களை ஒண்ணும் வெளிய போகச் சொல்லலய. பஸ் இன்சார்ஜ் போஸ்ட் காலியாத்தான் கெடக்கு."

பஸ் இன்சார்ஜ் என்றால் காலை ஏழு மணிக்குக் கல்லூரி வாசலில் விசிலோடு நிற்க வேண்டும். உள்ளே வருகிற பதினோரு பஸ்ஸுக்கும் நேரம் குறிக்க வேண்டும். டிரைவர்கள் "என்ன புரொபசர்" என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். நாற்பத்தொன்பது வயதில் சிவபாண்டிக்கு மிச்சம் இருந்தது ஒரு சுழல் நாற்காலியும், அதற்குப் பின்னால் சுவரில் பெயருக்குக் கீழே 'தலைவர்' என்று எழுதிய ஒரு பலகையும்தான். அவை போவதற்கும் இருப்பதற்கும் நடுவில் ஒரே ஒரு டி.சி. புதன்கிழமை பையில் இருபத்துமூன்று இருந்தது.

வீட்டிலும் ஒரு டி.சி. இருந்தது. மகள் காளீஸ்வரி அந்த வருடம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள். கணக்கில் தொண்ணூற்றேழு. மதுரைக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் கிடைத்து, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சான்றிதழோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது உறவுக்காரர் ஒருவர், "பிள்ளைய உங்ககிட்டயே சேத்துக்கிடலாம்லா?" என்று கேட்டதற்கு, சிவபாண்டி எல்லார் காதிலும் விழச் சொன்ன பதில்: "பி.பி.ஏ.யா? அவளுக்கு மூளை இருக்குல்ல."

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரின் பிள்ளைகள் அவரிடம்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் சுந்தரபாண்டியம் போனார். அங்கே சத்யப்பிரியா என்ற பிள்ளை. அவள் அம்மா பாலம்மாள் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்ப்பவர். ஒரு வாரத்துக்கு முன்பே பேசி வைத்த இடம். எடுத்தால் முடிந்தது.

"பாலம்மா, எல்லாம் ரெடியா? டி.சி.யைக் கொண்டாங்க, ஒரு பார்வை பாத்துட்டு..."

"டி.சி.யா? அதான் ஏழு மணிக்கெல்லாம் ஒரு பொண்ணு வந்து வாங்கிட்டுப் போயிட்டாகளே சார். அவிய உங்க ஆளுன்னுல்ல நெனச்சேன்."

"எங்க ஆளா? யாரு சொன்னா?"

"ஒரு பார்வை பாத்துட்டுக் குடுத்துருதேன்னு உங்களை மாதிரியே பேசுனாக. சிவபாண்டி சார் வீட்டுல இருந்துதான் சொல்லிவிட்டாகன்னும் சொன்னாக."

சிவபாண்டிக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. தன் வீட்டுப் பெயரையே சொல்லிப் பொய் பேசியிருக்கிறாள் என்று நினைத்து முகம் கறுத்தது. அது பொய்யில்லை என்பது சாயங்காலம்தான் அவருக்குத் தெரியப் போகிறது.

வாசலில் தலை பின்னிக்கொண்டிருந்த சத்யப்பிரியாவிடம் திரும்பினார். "ஏட்டி, அங்க போயி என்ன படிக்கப் போற? நம்ம டிபார்ட்மென்ட்ல தொழில்முனைவோர் மையம் இருக்கு, தெரியுமா?"

"அதுல என்ன சார் இருக்கு?"

அதில் ஒரு போர்டு இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

"அவிய காலேஜுல ஒரு மணிக்கே விட்டுருவாகளாம் சார். உங்களது ஒண்ணேகாலு. ரெண்டு மணி ஷிப்டுக்கு அந்தக் கால் மணி நேரம் இருந்தா வேன்ல உக்காந்து சோறு திங்கலாம்."

"கால் மணி நேரத்துக்காக வாழ்க்கையப் பாழாக்குவியா?"

"சார், எங்க பெரியம்மா மக இந்து உங்ககிட்டதான் படிச்சா. நாலு வருசமாச்சு. லீவுக்கு நான் கம்பெனிக்குப் போறேன்ல, எனக்கும் அவளுக்கும் ஒரே டேபிளு. ரெண்டு பேரும் அதே காஸத்தான் மடிக்கோம். அவ உங்களதை முடிச்சுட்டா, நான் இன்னும் சேரல. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

"பொறவு எதுக்கு நீ சேருற?"

"கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பின்னால ஏதாச்சும் இருக்கணும்லா சார்" என்றாள் அவள். பாலம்மாள் உள்ளேயிருந்து சிரித்தார். கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. சிவபாண்டி தண்ணீர் கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

ஊர்ச்சாலை மெயின் ரோட்டில் சேரும் விலக்கில் வண்டியை நிறுத்தினார். ஒரு டீ குடித்தார். கண்ணுக்கு எட்டின ஊர்களை எல்லாம் மனதில் ஒருமுறை சுற்றி வந்தார், எங்கும் ஆள் மிச்சமில்லை. பிறகு தாளாளருக்குப் போன் போட்டார்.

"இருபத்துநாலு ஆயிருச்சு சார்."

"யாரு?"

"எம் மக சார்."

"நல்லது, ஓட்டுங்க" என்று தாளாளர் வைத்துவிட்டார்.

ஒரு மகளின் மூன்று வருடத்தை எடுத்து ஒரு சுழல் நாற்காலிக்கு முட்டுக் கொடுக்க அவருக்கு ஆன நேரம் ஒரு டீ. அந்த டீயையும் பாதியில் வைத்துவிட்டார் என்று சொல்லி யாராவது அவர் மனச்சாட்சிக்குச் சாட்சி சொல்ல வரலாம். டீயில் சர்க்கரை அதிகமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது முன்னறையில் மனைவி மாரிச்செல்வி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் மூன்று மிஷின், இரண்டு பெண்கள் வேலைக்கு, கயிற்றில் வரிசையாக பிளவுஸ். பதினைந்து வருடமாக நடக்கிறது. சிவபாண்டி அதை 'வீட்டில் சும்மா தைப்பாள்' என்று சொல்வார். தொழில்முனைவோர் என்ற சொல் அவருக்கு வகுப்புக்கும் பிள்ளை பிடிப்பதற்கும் மட்டும்தான்.

நேராக உள்ளே போய் பீரோவைத் திறந்து, சான்றிதழ் எல்லாம் வைக்கும் ஃபைலை எடுத்தார். மகளின் பிளாஸ்டிக் உறையில் மார்க் ஷீட் இருந்தது, ஜாதிச் சான்று இருந்தது. டி.சி. இல்லை.

"ஏட்டி காளீஸ்வரி! உன் டி.சி. எங்க?"

"குடுத்துட்டேன்ப்பா."

"யார்கிட்ட?"

"கல்பனா அக்காகிட்ட."

சிவபாண்டி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி. அவ காலேஜுல பி.பி.ஏ.யா? பி.பி.ஏ. படிச்சு என்னட்டி செய்யப் போற? அது ஒரு படிப்பா? மூணு வருசம் மண்ணாப் போகும், கடைசியில எவனும் வேலைக்குச் சீந்த மாட்டான், தெரியுமா உனக்கு?"

முன்னறையில் மிஷின் நின்றது. மாரிச்செல்வி வாசற்படியில் வந்து நின்றார். "என்ன சொன்னீக? இன்னொருக்கச் சொல்லுங்க. வேலைக்கு இருக்கிற பிள்ளைகளும் கேக்கட்டும். ஒருத்தி உங்ககிட்டப் படிச்சவதான்."

காளீஸ்வரி கதவில் சாய்ந்துகொண்டாள். "நான் எங்கயும் சேரலப்பா. நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்கு வந்து கையில குடுத்துருவாக. அதுவரைக்கும் பத்திரமா வச்சிருங்கன்னு குடுத்தேன்."

"வீட்டுல இருந்தா பத்திரமில்லையா?"

"நீங்க எடுத்துட்டுப் போயிருவீகல்ல. திங்கக்கிழமை ராத்திரி மாடியில நின்னு தாளாளர்கிட்டப் பேசுனீக. கடைசியில ஒண்ணு குறைஞ்சா வீட்டுல ஒண்ணு கெடக்கு சார்னீக."

"அது சும்மா பேச்சுக்கு..."

"ஒண்ணு கெடக்குன்னீகப்பா. பேரு கூடச் சொல்லல."

அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். "கல்பனா சும்மா வச்சிருப்பாளா? நான் வளத்த பொண்ணு அவ. எதுவும் வாங்காமச் செய்ய மாட்டா."

"சும்மா இல்ல. உங்க டைரியில வியாழக்கிழமை பத்து மணி சுந்தரபாண்டியம்னு இருந்துச்சு. சத்யப்பிரியா வீடுன்னு எனக்குத் தெரியும், என் கிளாஸ்மேட்டுதான். நீங்க ஏழு மணிக்கே போயிருங்கக்கான்னு சொன்னேன். அதுக்கு இது."

பதினான்கு வருடமாகப் பேரம் என்ற தலைப்பில் அவர் கொடுத்த நோட்ஸ் நாலு பக்கம் வரும். அதில் இது இல்லை. மாரிச்செல்வி மறுபடி மிஷினுக்குப் போனார். சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கிற்று.

கல்பனாவுக்குப் போன் போட்டார்.

"சார், வணக்கம் சார். நல்லாருக்கீகளா?"

"டி.சி.யைக் குடு."

"குடுத்துருதேன் சார். காலைல அவ கையில."

"நான் அவளுக்கு அப்பன்."

"அதுனாலதான் சார்."

"யாரு சொல்லிக்குடுத்தா உனக்கு இதெல்லாம்?"

"நீங்கதான். ஒரிஜினல் யார் கையில இருக்கோ அவன்தான் பேசணும், மத்தவன் கேக்கணும்னு சொன்னீக. சேத்தூர் ரோட்டுல வச்சு, வேன்ல. நோட்ஸ்ல நீங்க குடுத்த எதுவும் எனக்கு ஞாபகமில்ல, இது மட்டும் இருக்கு."

குரலை இறக்கினார். "சத்யப்பிரியாவையாவது விடு கல்பனா. எனக்கு ஒண்ணுதான் குறையுது."

"எனக்கு ரெண்டு குறையுது சார்" என்றாள் அவள். வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை காளீஸ்வரி ரயிலேறி மதுரைக்குப் போனாள். கல்பனா சொன்னபடி டி.சி.யைக் கொடுத்துவிட்டு, அப்படியே பிளாட்பாரத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளிடம் எந்த ஊர் என்று விசாரிக்கப் போய்விட்டாள். சிவபாண்டி கல்லூரிக்குப் போய் இருபத்துமூன்று டி.சி.யையும் மூன்று தடவை எண்ணினார். ஒவ்வொரு தடவையும் இருபத்துமூன்றே வந்தது. வாசலில் பஸ் டிரைவர் ஒருவர் அவரைப் பார்த்து, "என்ன புரொபசர், விசில் வாங்கியாச்சா?" என்றார். செய்தி அதற்குள் ஷெட்டை விட்டு வெளியே போயிருந்தது.

இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தார். ஃபைல் நேற்று வைத்தபடி கட்டிலிலேயே கிடந்தது. எடுத்து உள்ளே வைக்கப் போனவரின் கையில், கடைசி உறையில் இருந்த ஒரு பழுப்புக் காகிதம் தட்டுப்பட்டது. நான்காக மடித்தது. பிரித்தார்.

அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. மாணவியின் பெயர் மாரிச்செல்வி. நடத்தை நன்று. பள்ளியை விட்டு நீங்கும் காரணம்: மேற்படிப்பு.

அந்த மேற்படிப்பு நடக்கவில்லை. வீட்டில் ஒருவரைத்தான் படிக்க வைக்க முடியும் என்று அந்த வருடம் மாரிச்செல்வியின் அண்ணனைச் சேர்த்தார்கள். எதில் என்று கேட்கிறீர்களா? பி.பி.ஏ.வில்தான். அண்ணன் இப்போது திருப்பூரில் செக்யூரிட்டியாக இருக்கிறார். எந்தக் கல்லூரிக்கும் போய்ச் சேராத அந்த டி.சி. இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகச் செல்லுபடியாகிற நிலையில் அப்படியே கிடந்தது.

சிவபாண்டி கல்லூரி விளம்பரத் தாளை எடுத்து மேலும் கீழும் படித்தார். வயதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. யாராவது இப்படிச் செய்வார்கள் என்று எழுதியவர் நினைத்திருக்க மாட்டார். பழுப்புக் காகிதத்தோடு ஒரு வெற்றுப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார்.

"மாரி."

"சோறு போடவா?"

"ஒரு கையெழுத்துப் போடணும்."

மாரிச்செல்வி படிவத்தை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தார். படித்து முடிக்கும்வரை சிவபாண்டி வந்த காரியம் தெரியாதவர் போலக் கயிற்றில் தொங்கிய பிளவுஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேருக்குத்தான். நீ வர வேண்டாம். அட்டெண்டன்ஸ் எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

"ஏன் வர வேண்டாம்?"

"தைக்கிற வேலை கெடக்குல்ல உனக்கு."

"ஒண்ணேகாலுக்கு விட்டுருவீகல்ல? ஊர் பூரா அதச் சொல்லித்தான பிள்ளை பிடிக்கீக. ரெண்டு மணிக்கு வந்து மிஷின்ல உக்காந்துருவேன். காலைல இவளுக பாத்துக்கிடுவாளுக."

"நான் எடுக்கிற கிளாஸுல நீ வந்து உக்காந்தா, மத்த ஸ்டாஃப் என்ன நெனப்பாக?"

மாரிச்செல்வி அவர் கையிலிருந்த பழுப்புக் காகிதத்தை மெதுவாக உருவிக்கொண்டார். நான்காக மடித்தார். மிஷின் டிராயரில் வைத்து மூடினார். "அப்ப இது இங்க இருக்கட்டும்."

ஒரிஜினல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். மணி இரண்டே முக்கால் ஆகியிருந்தது. சிவபாண்டி கேட்டார். மாரிச்செல்வி சொன்னார். தினமும் வருவேன். முன் பெஞ்சில் உட்காருவேன். பரீட்சை எழுதுவேன். பைக்கில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எல்லாவற்றுக்கும் 'சரி' வந்த பிறகு டிராயர் திறந்தது.

பதினேழாவது கேள்விக்கு வந்ததும் பழக்கத்தில் சிவபாண்டியின் கை 'சிறு' வரை எழுதிவிட்டது. மாரிச்செல்வி பேனாவைப் பிடுங்கி அதை அடித்தார். மிஷின் பலகையில் படிவத்தை வைத்துத் தன் கையெழுத்தில் எழுதினார்:

'துறைத் தலைவருக்கு ஒரு ஆள் குறைந்தது. நான் வீட்டில் இருந்தேன்.'

"இதப் போயி எழுதுவாகளா மாரி?"

"பொய்யா?"

அடித்துத் திருத்த வேறு படிவமும் இல்லை, நேரமும் இல்லை. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பையோடு தாளாளர் அறைக்குள் போனார். ராஜரத்தினம் எதையும் படிக்கவில்லை. நூல் சுற்றிய கோன் எண்ணுகிறவர் போல விரலால் ஓரத்தைத் தட்டி எண்ணினார். "இருபத்துநாலு. ஓடட்டும்." அந்தக் கல்லூரியின் படிவங்களில் பதினான்கு வருடத்தில் எழுதப்பட்ட ஒரே உண்மையான காரணம், மற்ற இருபத்துமூன்று சிறு வயது ஆசைகளோடு அலமாரிக்குப் போனது.

ஜூன் கடைசியில் வகுப்பு தொடங்கிற்று. நாற்காலி தப்பியது, பலகை தப்பியது. விசிலுக்கு வேறு ஆள் கிடைத்தார். முன் பெஞ்சில், நோட்டுக்கு அட்டை போட்டு, டிபன் பாக்ஸைக் காலடியில் வைத்துக்கொண்டு மாரிச்செல்வி உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பிள்ளைகள் ஒரே நாளில் அவரிடம் பிளவுஸ் அளவு கொடுத்துவிட்டிருந்தார்கள்.

சிவபாண்டி அவர் முகத்தைப் பார்க்காமல், பின் சுவரைப் பார்த்து, பதினான்கு வருடமாகச் சொல்லிவரும் முதல் வரியைச் சொன்னார்.

"எழுதிக்கோங்க. நிர்வாகம் என்பது, மற்றவர்களைக் கொண்டு நம் காரியத்தை நடத்திக்கொள்வது."

முன் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"என்னம்மா?"

"வீட்டுல நடக்கிற இதுக்கெல்லாம் பேரு இருக்கா சார்?"

பின் பெஞ்சில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. மாரிச்செல்வி சிரிக்கவில்லை, பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்துவிட்டு, பதிலுக்காக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவபாண்டி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அடுத்த பாயிண்ட்" என்றார். இருபத்துமூன்று பேர் எழுதிக்கொண்டார்கள்.